ஈய லம்ப மணலில் எதைக் கொட்டுவது? களிச்சேறு, வெறுங்குலை, கோழி எரு, அக்காசியா: ஓர் ஒப்பீடு

பேராக்கின் பீடோர் பக்கம் தோட்டத்து எல்லையில் பழைய ஈய லம்ப (வெள்ளீயச் சுரங்க) நிலம் ஒன்று கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் கேட்பது "கொய்யாவா, செம்பனையா, காய்கறியா?" என்றுதான். பயிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வெள்ளை மணல் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்க எதைக் கலப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர்தான். ஆனாலும் மழை விட்டு நாலைந்து நாளில் மேல்மணல் காய்ந்துவிடும். மூடாமல் கிடந்தால் நண்பகலில் அதன் சூடு 45 பாகையைத் தாண்டும். போட்ட யூரியா அடுத்த பெருமழையில் குட்டைக்குப் போய்ச் சேரும்.

நிலம் எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பம்பு வழியாகப் பாலோங் எனும் சரிவான மரத் தொட்டியின் மேலே ஏற்றினார்கள். கனமான ஈயம் பாலோங்கில் தங்கியது. மணல் அதன் கடைவாயிலேயே குவிந்தது. களி மட்டும் தண்ணீரோடு ஓடி, தாழ்வான குட்டையில் போய்ப் படிந்தது. ஆக, மணலில் எது இல்லையோ அது பல இடங்களில் சில நூறு மீட்டர் தள்ளி அதே நிலத்தில் சும்மா கிடக்கிறது. தஞ்சோங் துவாலாங் மாதிரி, மிதந்தபடி ஈயம் தோண்டும் கப்பல் ஓடிய இடங்களில் மணல், கப்பல் போன தடத்திலேயே வரப்பு வரப்பாகக் கிடக்கும். அங்கே களியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளைக் கையாலேயே செய்யலாம். ஒன்று, கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைப்பது. ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் படிவது வண்டல், மறுநாளும் கலங்கலாக நிற்பது களி. இன்னொன்று, வறண்ட மாதமான பிப்ரவரியில் துளையிட்டு நீர்மட்டம் பார்ப்பது. ஒன்றரை மீட்டருக்குள் தண்ணீர் தட்டினால் மர வேர் தானே போய்க் குடித்துக்கொள்ளும். நாலு மீட்டருக்குக் கீழே என்றால் அந்த மேட்டில் சொட்டுநீர் இல்லாமல் பழமரம் வைப்பது வீண் செலவு.

களிச்சேறு

நாலு வழிகளில் இது ஒன்றுதான் நிரந்தரம். எரு மட்கி மறையும், களி மறையாது. ஆனால் முதல் செலவு பெரியது. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை மாற்ற, 10 சென்டிமீட்டர் களிச்சேற்றைப் பரப்பி, கீழுள்ள 20 சென்டிமீட்டர் மணலோடு கலக்க வேண்டும். சேற்றில் பாதி களி என்று வைத்தால், கலவையில் 16, 17 விழுக்காடு களி நிற்கும். காய்கறிக்கு அது தாராளம். ஒரு ஹெக்டேருக்கு 1,000 கன மீட்டர், அதாவது 10 கன மீட்டர் லோரியில் நூறு நடை. குட்டை அதே நிலத்தில் இருந்தால் மட்டுமே இது கட்டுப்படியாகும்.

கெடுவது பெரும்பாலும் கலக்கும் இடத்தில். ஈரச் சேற்றை மணலில் கொட்டி உழுதால் உருண்டை உருண்டையாகத் திரண்டு, காய்ந்ததும் செங்கல் மாதிரி இறுகும். வெட்டிய சேற்றைக் கரையில் பரப்பி, கட்டியைக் கையால் அழுத்தினால் உடையும் பக்குவம் வரும்வரை உலர்த்த வேண்டும். டிராக்டரில் பூட்டிய சுழல்கலப்பை 15 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆழக் கலக்க எஸ்கவேட்டர் வாளியால் புரட்டியபின் கலப்பை ஓட்டுங்கள். கலக்காமல் மேலே பரப்பி மட்டும் விட்டால் ஆடை கட்டி, மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். பிஎச் 5க்குக் கீழே இருந்தால் ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று டன் ஜிஎம்எல் (மக்னீசியம் கலந்த) சுண்ணாம்பு போட்டு, மூன்று வாரம் விட்டு நடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சேற்றுக் குட்டையின் மேல்பரப்பு வெடித்துக் காய்ந்திருக்கும், லாலான் புல்கூட முளைத்திருக்கும். அடியில் கூழாகவே இருக்கும். எஸ்கவேட்டரை நேராக உள்ளே இறக்கினால் அதைத் தூக்க இன்னொன்று வர வேண்டியிருக்கும். கரையிலிருந்தபடி கை எட்டும் தூரம் மட்டும் வெட்டிக்கொண்டே பின்வாங்குவதுதான் முறை.

மரப்பயிருக்கு முழு நிலத்தையும் மாற்றத் தேவையில்லை. ஒரு மீட்டர் சதுரம், 60 சென்டிமீட்டர் ஆழக் குழியில் பாதி சேறு, பாதி மணல் போதும். செம்பனை ஹெக்டேருக்கு 136 மரம் என்றால் சுமார் 41 கன மீட்டர், நாலைந்து லோரிதான். இதன் குறை சில ஆண்டுகள் கழித்துத் தெரியும்: வேர் குழியை நிரப்பிவிட்டு வெளியே உள்ள வெறும் மணலில் இறங்கத் தயங்கும், மரம் வளராமல் நிற்கும். குழியைச் சுற்றி ஆண்டுதோறும் மூடாக்கு அகலமாகிக்கொண்டே போக வேண்டும்.

வெறுங்குலை

அந்த மூடாக்குக்கு, பழத்தை உதிர்த்தபின் ஆலையில் எஞ்சும் செம்பனைக் குலையை, அதாவது தண்டான் கோசோங்கை, மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு டன் வெறுங்குலையில் 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறைப் பாஸ்பேட், 19.3 கிலோ எம்ஓபி (பொட்டாசிய உரம்), 4.4 கிலோ கீசரைட் (மக்னீசிய உரம்) ஆகியவற்றுக்கு ஈடான சத்து உண்டு என்பது தோட்டக்காரர்கள் கையாளும் கணக்கு. காய்க்கும் மரத்துக்கு ஹெக்டேருக்கு 40 டன் போட்டால் 770 கிலோ எம்ஓபிக்குச் சமம். மணலைக் குளிர வைப்பது அதைவிடப் பெரிய லாபம்.

குறையும் அந்தப் பொட்டாசியத்திலேயே இருக்கிறது. மழை பட்டதும் முதலில் கரைந்து ஓடுவது அதுதான். களி இல்லாத மணல் அதைப் பிடித்து வைக்காது. ஆலை வாசலில் வாரக்கணக்கில் குவிந்து கிடந்து பழுப்புச் சாறு வடிந்த குலையை வாங்கினால் நாரைத்தான் வாங்குகிறீர்கள். வந்த ஓரிரு நாளில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவியலாக விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். இளஞ்செம்பனைக் குருத்தை அது துளைத்த பிறகு மருந்தடிப்பதில் பெரிய பயன் இல்லை. நார் மட்கத் தொடங்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தான் எடுத்துக்கொள்வதால், முதல் சில மாதங்கள் கொஞ்சம் யூரியா சேர்க்காவிட்டால் இலை மஞ்சளிக்கும். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் என்பதால் லோரிச் செலவே விலையைத் தீர்மானிக்கிறது. ஓராண்டுக்குள் பெரும்பகுதி மட்கிவிடும். ஆக, இது ஆண்டுச் செலவு.

கோழி எரு

காய்கறிக்காரர்களின் வழி. ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 20 டன். பலன் உடனே தெரியும், பிஎச்சும் ஏறும். மட்காத எரு என்றால் ஈ மொய்த்து அக்கம்பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஆட்களின் புகார் வரும். உப்பும் அம்மோனியாவும் நாற்றின் வேரைக் கருக்கும். தழைச்சத்து நைட்ரேட்டாகிக் குட்டைக்கு இறங்கும்; அதே குட்டையில் மீன் வளர்ப்பவர் இருந்தால் தகராறு நிச்சயம்.

மணலில் காய்கறி போடுகிறவர்களை எருவைவிட அதிகம் ஏமாற்றுவது வேர்முடிச்சு நூற்புழு. மணல்வெளி அதற்குத் தோதான இடம். வெண்டை, கத்தரி, பாகல் நண்பகலில் வாடி மாலையில் தேறினால் "தண்ணீர் போதவில்லை" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்; முடிச்சு இருந்தால் அடுத்த போகம் துலுக்கச் சாமந்தி போடுவது நல்லது. கொய்யாவையும் இந்தப் புழு விடாது.

அக்காசியா

சேறும் இல்லை, ஆலையும் தூரம், நீர்மட்டமும் ஆழம் என்றால் அக்காசியா மஞ்சியம். 1966இல் சபாவுக்கு வந்த ஆஸ்திரேலிய மரம். காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், சருகு நிறையக் கொட்டும். பீடோரில் வன ஆய்வுக் கழகத்தின் நிலையமே லம்ப மணலில் மரம் வளர்த்துக் காட்டிய இடம்தான். இந்த மரத்தின் நடுத்தண்டு அழுகும், மேலோட்டமான வேரால் காற்றில் சாயும், விதை தானாகப் பரவும். இதையெல்லாம்விட முக்கியம்: மரத்தை மொத்தமாக வெட்டி மணலை வெயிலுக்குத் திறந்துவிட்டால், பல ஆண்டுச் சருகின் மட்கு வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். வரிசை விட்டு வரிசை வெட்டி, நிழலிலேயே அடுத்ததை நடுங்கள்.

எதை எடுப்பது? சொந்தக் கிராண்டு (நிலப் பட்டா), சேறும் அதே நிலத்தில் என்றால் சேறுதான், அதன் மேல் வெறுங்குலை. இரண்டும் சேர்ந்தால்தான் குலையின் பொட்டாசியம் களியில் தங்கும். வெறுங்குலையை மட்டும் நம்பி மணலில் செம்பனை வைப்பது எங்கள் பார்வையில் பாதி வேலை. டிஓஎல் (தற்காலிக உரிம) நிலம் என்றால் கணக்கு மாறும்: அந்த உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடியும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நூறு லோரிச் சேற்றை அதில் புதைக்காதீர்கள். மட்கிய கோழி எருவும் குறுகிய காலக் காய்கறியும் போதும். சேற்றையோ மணலையோ நிலத்துக்கு வெளியே ஏற்றினால் நில அலுவலகத்தின் பெர்மிட் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேற்றைக் கலப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆர்செனிக்கும் காரீயமும் மணலைவிடக் களியில்தான் அதிகம் ஒட்டும். குட்டையில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்த சேற்றை ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ, பாய்ச்சப்போகும் குட்டைத் தண்ணீர் ஒரு போத்தல், இரண்டையும் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அளவு கூடுதலாக வந்தால் கங்கோங், சாவி போன்ற கீரைகளை விட்டுவிட்டு, அந்த நிலத்தை மரத்துக்கு ஒதுக்குங்கள்.