லைன்மேன் ரசிகர்கள் காண்டனுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் காண்டனில், அமெரிக்க ஃபுட்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு நான் போனது ஆலன் பேஜ் என்ற பழைய ஆட்டக்காரர் ஒருவருக்காக மட்டுமே. எங்கள் பையன் ஹைஸ்கூல் அணியில் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது எதிரணியைத் தடுக்க முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களில் ஒருவன். பந்து கைக்கே வராமல், ஆட்டம் முழுக்க இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் இருக்கிற இடம் அது. இந்த இடத்தில் ஆடியவர் எவ்வளவு உயரம் போகலாம் என்று அவன் கண்ணால் பார்க்கட்டும் என்பது என் ஆசை.

கிளீவ்லாந்திலிருந்து தெற்கே 77-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். பந்தின் முனை மாதிரிக் கூம்பிய கூரை, சாலையில் வரும்போதே கண்ணில் படும். அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மைத் தொழில்முறை லீகான இன்றைய என்எஃப்எல் 1920-இல் இந்த ஊர் கார் ஷோரூம் ஒன்றில் கூடிப் பேசித் தொடங்கப்பட்டது. அதனால்தான் ஹாலும் இங்கே. 1963-இல் திறந்தார்கள்.

நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போய்விடுங்கள். மார்பளவுச் சிலைகள், சேர்க்கப்பட்ட ஆண்டு வாரியாக இருக்கின்றன. 1988 வரிசையில் மைக் டிட்கா, ஜாக் ஹாம், ஃப்ரெட் பிலெட்னிகாஃப் ஆகியோரோடு பேஜ். அவர் பிறந்து வளர்ந்ததே காண்டனில்தான். அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கட்டடம் எழும்பியபோது பதின்வயதில் கட்டுமான வேலைக்கு வந்து உழைத்தவர் அவர். கால் நூற்றாண்டு கழித்து அதே கட்டடத்துக்குள் அவருக்குச் சிலை. இதைச் சொன்னதும் பையன் தரையைக் குனிந்து பார்த்தான். எனக்குத் தொண்டை அடைத்தது.

பேஜ் 1967-இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். எடை சுமார் 245 பவுண்டு. இன்றைய டேக்கிள்கள் சாதாரணமாக 300-ஐத் தாண்டுகிறார்கள். அவருடைய பலம் முதல் அடியின் வேகம். ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் தொடங்கிவைக்கும் ஸ்னாப்பில் பந்து அசைந்ததுமே, அவரைத் தடுக்க எதிரே நிற்கும் கார்டு என்ற ஆட்டக்காரர் கையைத் தூக்குவதற்குள் தோளைச் சாய்த்து இடைவெளிக்குள் புகுந்துவிடுவார். 1971-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதுவரை தற்காப்பு ஆட்டக்காரர் எவருக்கும் கிடைக்காதது அது. அதற்குப் பின் 1986-இல் லாரன்ஸ் டெய்லருக்குக் கிடைத்ததோடு சரி.

போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்குள் வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர்; அதை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-இல். பேஜின் கடைசி சீசன் 1981. ஆகவே அதிகாரபூர்வக் கணக்கில் அவர் பெயரில் ஒரு 'சாக்' கூட இல்லை! இன்னொரு பழைய லைன்மேனான டீக்கன் ஜோன்ஸுக்கும் இதே கதிதான். ஒரு தலைமுறை லைன்மேன்களின் உழைப்பை எண்களை வைத்து மட்டும் எடைபோட்டால் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். பழைய ஆட்டங்களின் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூடம் இன்னும் நிறையப் பேசும்.

மீதிக் கதையும் பையனுக்குச் சொன்னேன். விளையாடிக்கொண்டே சட்டம் படித்து 1978-இல் பட்டம் வாங்கினார். நெடுந்தூர ஓட்டம் பழகி உடல் இளைத்திருந்த நேரம். அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. அப்புறம் 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. ஹாலில் சேர்த்த விழாவில் தன்னை அறிமுகப்படுத்தக்கூட அவர் ஒரு பள்ளி முதல்வரைத்தான் அழைத்தார், பேசியதும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. எனக்கு அவர்மேல் உள்ள மரியாதையில் பாதி இதனால்தான்.

மற்ற லைன்மேன்களான ரெஜி வைட், ஜோ கிரீன் சிலைகளையும் விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், ஜெர்சிக் காட்சிகளைச் சற்று வேகமாகவே கடந்துவிடலாம்.

புதியவர்களைச் சேர்க்கும் விழா கோடையில், ஆகஸ்டை ஒட்டி நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு, சாதாரண வார நாள் காலையில் போவது நல்லது. சிலைக் கூடத்தில் நிதானமாக நிற்க முடியும். வீட்டில் லைனில் ஆடுகிற பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.