லிஃப்ட் கிட் என்ற பெயரில் லேத் கட்டைகள்: பிக்கப் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பிக்கப் வண்டிக்கு லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்களின் தொகுப்பு) போட்டுத் தருவதாகச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டி அலங்காரக் கடை ஒன்று என்னிடம் ரூ.85,000 பெற்றுக்கொண்டு, லேத்தில் கடைந்த இரண்டு அலுமினிய வட்டுகளையும் பற்றவைத்த இரண்டு இரும்புக் கட்டைகளையும் மாட்டி அனுப்பியது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் இதே வேலை எந்த ஊரிலும் எந்தப் பெயர்ப்பலகையின் கீழும் நடக்கக்கூடியது என்பதால், எது கிட், எது கட்டை, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டியை உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் டெல்டாவில் ஏன் வருகிறது என்பது இங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். விதை நெல், உர மூட்டை, நாற்றுத் தட்டு, பம்ப்செட் என்று எதை ஏற்றினாலும் கடைசி இரண்டு கிலோமீட்டர் வாய்க்கால் கரையில்தான் போக வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கரைகளின் களிமண் இளகிவிடும். அதன்மேல் டிராக்டரும் பெல்ட் அறுவடை இயந்திரமும் போய்வந்த பிறகு, இரண்டு பக்கமும் ஆழமான தடமும் நடுவில் கெட்டித்த மேடுமாகக் கரை நிற்கும். நாற்பது கிலோ நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது வண்டியின் பின்பக்கம் அமுங்கி, அடிப்பாகம் அந்த நடுமேட்டில் உரசும் சத்தம் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்தக் கவலையைத்தான் இத்தகைய கடைகள் விலையாக்குகின்றன.

என் வண்டி முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் பின்பக்கம் கமான் பட்டையும் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) உடைய, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பிக்கப். ஈசுசூ டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவையும் இதே அமைப்பில் வருபவைதான். முன்னும் பின்னும் கமான் பட்டையே வைத்த வண்டிகளுக்குக் கணக்கு வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைக்காரர் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியைக் காட்டி, புதிய முன் ஸ்பிரிங், புதிய ஷாக் அப்சார்பர், பின்பக்கத்துக்குப் புதிய கமான் கட்டு எல்லாம் அதில் அடக்கம் என்றும், இரண்டு அங்குலம் உயரும் என்றும் சொன்னார். "இன்னும் பத்து மூட்டை கூடுதலா ஏத்தலாம் அண்ணே, பின்னாடி அமுங்கவே அமுங்காது" என்பதுதான் அவர் அழுத்திச் சொன்ன வாக்கியம். வண்டியை மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலை நடக்கும்போது பட்டறைக்குள் யாரையும் விடுவதில்லை என்பது கடையின் விதியாம். ரசீதில் 'லிஃப்ட் கிட் 1 செட், கூலி உட்பட' என்ற ஒரே வரி மட்டும் இருந்தது.

எடுத்து வந்த நாளிலிருந்தே வண்டி நேராக ஓடவில்லை. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையில் வேகம் எழுபதைத் தொட்டதும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் அலைந்தது; திருப்பத்தில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால், பழையபடி தானாக நேராக வரவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டக்' என்று அடித்தது. சொன்னதோ இரண்டு அங்குலம். முன்பக்கம் மூன்று அங்குலத்துக்கும் மேல் ஏறி, வண்டி கழுத்தை நீட்டிய நாரை போல நின்றது. தொலைபேசியில் கேட்டபோது, புது ஸ்பிரிங் ஓடி ஓடித்தான் செட்டாகும் என்ற பதில் வந்தது.

மன்னார்குடியில் அலைன்மென்ட் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அலைன்மென்ட் இயந்திரத்தின் திரையில் கேஸ்டர் அளவு (ஸ்டீயரிங்கைத் தானாக நேராக வரச்செய்யும் முன்சக்கரச் சாய்கோணம்) எத்தனை முறை திருத்தியும் சிவப்பிலேயே நின்றது. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். புதிது என்று விற்கப்பட்ட ஸ்பிரிங்கின் கறுப்புப் பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணயத்தால் அவர் சுரண்டியபோது, அடியில் பழைய பெயின்ட்டும், ஸ்பிரிங்கின் ரகத்தை அடையாளம் காணத் தயாரிப்பாளர் பூசிவிடும் வண்ணக் கோடும் தெரிந்தன. என் வண்டியின் பழைய ஸ்பிரிங்கையே கழற்றிப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டியிருந்தார்கள். ஸ்பிரிங்கின் மேல்தலைக்கும் சேசிஸுக்கும் நடுவே நாற்பது மில்லிமீட்டர் தடிமனில் அலுமினிய வட்டு ஒன்று இருந்தது. லேத் உளியின் வரிகள் அதில் அப்படியே இருந்தன. பெயரோ பாக எண்ணோ எதுவும் இல்லை. முன்சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல், கீழ்க் கைகளில் மேல் கையின் உட்பக்கம் ஸ்பிரிங்கில் இடித்து இடித்துப் பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. 'டக்' என்ற ஓசை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. கையும் சக்கரமும் சேரும் பந்து மூட்டின் ரப்பர் உறையும் கிழியத் தொடங்கியிருந்தது.

"இதுக்கா தம்பி அவ்வளவு காசு குடுத்தீங்க? ரெண்டு வட்டையும் சேத்து நம்ம லேத்துல மூவாயிரத்துக்குக் கடைஞ்சு குடுத்துருவானே" என்றார் பெரியவர்.

வட்டு வைப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஸ்பேசர் என்ற பெயரில் அது வெளிப்படையாகவே விற்கப்படுகிறது. குறைந்த செலவில் சிறிதளவு உயரம் போதும் என்பவர்கள் அதைத் தெரிந்தே வாங்குகிறார்கள். ஆனால் அது ஸ்பிரிங்கின் வலுவை ஒரு கிலோகூடக் கூட்டாது. ஸ்பிரிங் நிற்கும் இடத்தைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வகை வண்டிகளில் ஸ்பிரிங் சக்கரத்தின் நேர்மேலே உட்காருவதில்லை, கீழ்க் கையின் நடுப்பகுதியில்தான் உட்காருகிறது. ஆகவே மேலே வைக்கிற 25 மி.மீ. வட்டு சக்கரத்தின் பக்கத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. உயரமாக மாறும். இது தெரிந்தவர் இரண்டு அங்குல உயரத்துக்கு ஓர் அங்குல வட்டுத்தான் வைப்பார். எனக்கு வைத்திருந்த நாற்பது மில்லிமீட்டர் வட்டோ கைகளைக் கீழ்நோக்கி இழுத்து, கேஸ்டரைக் குறைத்து, பந்து மூட்டுகளை அவை திரும்பக்கூடிய எல்லைக்கே தள்ளிவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தால் முன் அச்சுத்தண்டின் மூட்டுகளும் கோணம் மீறி, அவற்றின் ரப்பர் உறை கிழிந்து, சேறு உள்ளே போய்விடும். நம் ஊர்ச் சேற்றில் அது நெடுநாள் தாங்காது.

பின்பக்கம்தான் உண்மையில் என்னை அச்சுறுத்தியது. அங்கே புதிய கமான் கட்டு என்று எதுவும் இல்லை. பழைய கட்டுக்கும் ஆக்சிலுக்கும் இடையில், இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த கட்டையைச் செருகி, பழைய யூ போல்ட்டுகளாலேயே இறுக்கியிருந்தார்கள். கட்டை வைத்ததால் போல்ட்டின் நீளம் போதாமல், நட்டு அரைகுறையாகத்தான் மரையில் ஏறியிருந்தது. யூ போல்ட் ஒருமுறை முழு இறுக்கத்தில் இழுபட்டபின் அதைக் கழற்றி மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது கமான் பட்டறையில் வேலை பழகும் பையனுக்கும் தெரிந்த செய்தி. ஷாக் அப்சார்பரும் பழையதே. ஆக்சில் கீழே போனபிறகு அதன் நீளம் போதாமல், சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதுவே கயிறு போல இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

இவற்றைவிட மோசமான ஒன்றும் இருந்தது. சுமை வண்டிகள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறிய கம்பி ஓடுவதைக் குனிந்து பார்த்தால் காணலாம். அது மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்று சொல்லும் வால்வோடு இணைந்திருக்கும். சுமை ஏறிச் சேசிஸ் கீழே அமுங்கினால், பாரம் இருக்கிறது என்று அந்த வால்வு உணர்ந்து பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் அனுப்பும்; காலியாக இருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தைக் குறைக்கும். கட்டை வைத்து ஆக்சிலையும் சேசிஸையும் பிரித்துவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், வண்டி நிறைய மூட்டை இருக்கும்போதும் வால்வு அதைக் காலி வண்டியாகவே எடுத்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் மட்டும் குனிந்து, வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளி விடும் நேரத்தில் கும்பகோணத்துத் தெருக்களில் அதே வண்டியைச் சுமையோடு ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைக்கும்போது, போன பணத்தைக் காட்டிலும் அதுதான் என்னை உறுத்துகிறது.

கடைக்காரர் சொன்ன "பத்து மூட்டை கூடுதல்" என்பது, உண்மையான கிட்டைப் போட்டிருந்தாலும் பொய்தான். சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) எழுதப்பட்டிருக்கிறது, ஆக்சில், பிரேக், சேசிஸ், டயர் அனைத்தையும் கணக்கில் கொண்டு தயாரிப்பாளர் நிர்ணயித்த எடை அது. ஸ்பிரிங்கை மாற்றுவதால் அது உயராது. அதேபோல், உயர்த்திவிட்டால் கரையின் நடுமேட்டில் எதுவும் உரசாது என்பதும் பாதி உண்மையே. சேசிஸ், டேங்க், சைலன்சர் ஆகியவை உயரும். ஆனால் பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர உருண்டை உயராது. தரையிலிருந்து அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் விட்டம் மட்டுமே. விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலம் உயரும், அவ்வளவுதான். டிராக்டர் தடத்தில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அதுதான் என்பதால், கரையில் போவதற்காகவே லிஃப்ட் கேட்பவர்கள் முதலில் வண்டியின் அடியில் படுத்து, எது உரசியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சட்டப் பக்கத்தையும் கடைக்காரர் கையசைத்துத் தள்ளிவிட்டார். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்திருக்கிறது. அதே ஆண்டின் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது ஆய்வாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும், விபத்து நடந்து காப்பீட்டு நிறுவனம் இந்த மாற்றத்தைக் காட்டி இழுத்தடித்தால் அலைய வேண்டியவரும் அவரே.

இத்தனைக்குப் பிறகும் கிட் போடத்தான் வேண்டும் என்பவர்கள், பணம் கொடுக்கும் முன்பே பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் ரசீதில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். முழுக் கிட் என்றால் முன் ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், பின் கமான் கட்டு, புதிய யூ போல்ட், புஷ் ஆகியவை இருக்க வேண்டும். வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு சுமை இருக்கும், முன்னால் கனமான பம்பர் இருக்கிறதா என்று கேட்காமல் கிட் விற்பவரிடம் வாங்காதீர்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங்கையும் கமான் கட்டையும் சுமைக்கேற்பப் பிரித்தே விற்கிறார்கள், காலி வண்டிக்கானது வேறு, எப்போதும் 300 கிலோ சுமக்கும் வண்டிக்கானது வேறு. கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேளுங்கள். என் விஷயத்தில் அதைக் கேட்டிருந்தால் அவர்களால் கொடுத்திருக்கவே முடியாது, ஏனெனில் பழைய பாகங்கள் வண்டியில்தான் இருந்தன. வேலைக்கு முன்னும் பின்னும் அலைன்மென்ட் அறிக்கையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் வால்வின் கம்பியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விழிப்பவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

என் வண்டியில் வட்டு, கட்டை இரண்டையும் கழற்றியாகிவிட்டது. பின்பக்கம் அமுங்கியதற்குக் காரணம் கமான் பட்டைகள் வளைவு இழந்து தட்டையானதுதான் என்று பெரியவர் காட்டினார். தயாரிப்பாளரின் அளவிலேயே புதிய பட்டையும் புதிய யூ போல்ட்டும் போட்டு, அதே அளவு டயரில் சேற்றுக்கேற்ற பட்டன் வார்ப்பு உடையதை மாட்டியபின், இந்தச் சம்பா அறுவடையில் வண்டி குறைவின்றி ஓடியது. அதற்கான செலவு கடைக்காரர் வாங்கியதில் பாதிகூட ஆகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஸ்பேசரும் கிட்டுதான் சார், நாங்க என்ன இல்லைன்னா சொன்னோம்" என்ற பதிலே கிடைத்தது. 'அண்ணே' அதற்குள் 'சார்' ஆகியிருந்தது. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் குறை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துபவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. முதற்கட்டமாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். இதே போல வட்டும் கட்டையும் போட்டு அனுப்பப்பட்டவர்கள் யாரேனும் இருந்தால், கழற்றியவற்றை இரும்புக் கடையில் போட்டுவிடாமல், ரசீதோடும் அலைன்மென்ட் அறிக்கையோடும் சேர்த்துக் கட்டிவையுங்கள். மெக்கானிக்கிடம் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.