த்ரிஃப்ட் கடையா, கன்சைன்மென்ட் கடையா? உயர்தர ஆடை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஒருவர் உடுத்திய ஆடையை மற்றொருவருக்கு விற்கும் கடைகள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே தொங்கும் துணி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் இரண்டு வகையாகப் பிரிந்துவிடும். த்ரிஃப்ட் கடையில் இருப்பது நன்கொடையாக வந்த துணி. அதற்குக் கொள்முதல் விலை என்று ஒன்று கிடையாது. கன்சைன்மென்ட் கடையில் தொங்குவதோ விற்கும்வரை பழைய உரிமையாளருக்கே சொந்தமானது. விற்றால் அவருக்கு ஏறக்குறையப் பாதி, கடைக்கு மீதி என்பது பரவலான ஏற்பாடு. விலை, தரம், போலியைப் பற்றிய பயம் ஆகிய எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இருவகைக் கடைகளிலும் பல குளிர்காலங்களாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் என் கணிப்பை இங்கே வைக்கிறேன்.

எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் 1902ஆம் ஆண்டு பாஸ்டனில் தொடங்கிய குட்வில், வசதியுள்ளோர் கழித்த பொருள்களைத் திரட்டி, வேலையற்ற ஏழைகளைக் கொண்டே பழுதுபார்த்து விற்ற அமைப்பு. இன்றும் இத்தகைய கடைகளில் பெரும்பாலும் வகையைப் பார்த்தே விலை ஒட்டுகிறார்கள்: சட்டைக்கு ஒரு விலை, கால்சட்டைக்கு ஒரு விலை, மேல்கோட்டுக்கு ஒரு விலை. மலைபோல் குவியும் மூட்டைகளைப் பிரிப்பவருக்கு ஒவ்வொரு துணிக்கும் சில நொடிகள்தான் கிடைக்கும்; அதற்குள் அவர் கண்ணில் படுவது கழுத்துச் சீட்டு மட்டுமே. ஆகவே பெயர் தெரிந்த மட்டமான துணிக்கு விலை ஏறிவிடுவதும், பெயர் தெரியாத உயர்ந்த துணி வகை விலைக்கே போய்விடுவதும் அன்றாடம் நடக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பையனுக்கு முதல் குளிர்காலக் கோட்டு வாங்கப் போனபோது இதை நேரில் கண்டேன். கறுப்பு மேல்கோட்டு ஒன்று. கழுத்துச் சீட்டை யாரோ வெட்டியெடுத்திருந்தார்கள், விலை 25 டாலர். மார்புப் பகுதியின் மேல்துணியையும் உள்துணியையும் விரல்களால் தனித்தனியே பிடித்து இழுத்தபோது, நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு ஒட்டாமல் தனியே நகர்ந்தது. அதாவது கோட்டுக்கு வடிவம் தரும் நடுத்துணியான கேன்வாஸ் பசையால் ஒட்டப்படாமல் தைக்கப்பட்டிருந்தது, உயர்ந்த தையலின் அடையாளம். காஜாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் நூல் முடிச்சுகள் சீரற்று இருந்தன, கைக்காஜா. கைப்பட்டன்கள் ஒப்புக்கு ஒட்டப்படாமல் உண்மையாகவே திறந்தன. உட்பையின் ஓரத்தில் வெட்ட மறந்துபோன சிறு சீட்டு, முழுவதும் காஷ்மியர் எனும் மென்மையான ஆட்டுரோமக் கம்பளி என்றும் இத்தாலியில் தைக்கப்பட்டது என்றும் சொன்னது. அக்குளில் லைனிங் ஒரு சாண் கிழிந்திருந்தது; அதைத் தைக்கக் கோட்டின் விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன்.

இந்தக் கோட்டைக் கன்சைன்மென்ட் கடை எதுவும் வாசற்படி தாண்ட விட்டிருக்காது. பெயர்ச்சீட்டு இல்லாத ஆடைக்கு அங்கே விலை சொல்ல வழியில்லை. கிழிசல் உள்ளதை வாங்கி வைப்பதும் இல்லை. சலவை செய்யப்பட்டு, அண்மைக் காலத்தில் சந்தைக்கு வந்து, பெயர் தெளிவாகத் தெரியும் ஆடைகளையே அவர்கள் ஏற்கிறார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. நாம் கொடுக்கும் கூடுதல் விலை அப்படிச் சலித்தெடுப்பதற்கான கூலிதான். மான்ஹாட்டனின் மேடிசன் அவென்யூவில் 1950களில் தொடங்கிய என்கோர் போன்ற கடைகளின் பெயரே அப்படி வளர்ந்தது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினின் உடைகளும் அங்கே விற்பனைக்கு ஒப்படைக்கப்பட்டன. அவசரமாக ஒரு திருமண வரவேற்புக்கு உடை வேண்டும், தேட நேரமில்லை என்பவர் இங்கே போவதுதான் சரி.

ஆனால் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமாக 60 அல்லது 90 நாள். ஒரு மாதம் கடந்ததும் விலையைக் குறைத்து, மேலும் ஒரு மாதம் ஆனதும் இன்னொரு முறை குறைப்பார்கள். பல கடைகளில் விலைச்சீட்டிலேயே ஆடை வந்த தேதி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் பேரம் பேசாமலே பேரத்தை முடித்துவிடலாம். கெடு முடிந்தும் விற்காததை உரிமையாளர் எடுத்துச் செல்லாவிட்டால், அது பெரும்பாலும் நன்கொடையாகிப் பக்கத்துத் த்ரிஃப்ட் கடைக்கே போய்ச் சேர்கிறது.

கழுத்துச் சீட்டு ஏமாற்றும் இடம் இரண்டு கடைகளிலும் உண்டு, அதில்தான் பணம் அதிகம் கரைகிறது. ஒரே வடிவமைப்பாளரின் பெயர் பல படிகளில் விற்கப்படுகிறது: ஜார்ஜியோ அர்மானி வேறு, 1981இல் தொடங்கிய எம்போரியோ வேறு, 1991இல் வந்த அர்மானி எக்ஸ்சேஞ்ச் வேறு. ரால்ஃப் லாரனின் உச்ச வரிசையான பர்ப்பிள் லேபிளுக்கும், பெரிய பல்பொருள் அங்காடிகளுக்கென்றே தைக்கப்படும் 'லாரன்' வரிசைக்கும் துணியிலேயே ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். பியர் கார்டின் தம் பெயரை நூற்றுக்கணக்கான உரிமங்களாக விற்றதால், அந்தச் சீட்டு மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. ஹெச் அண்ட் எம் கடைக்காக 2004இல் கார்ல் லாகர்ஃபெல்டும், டார்கெட் கடைக்காக 2011இல் மிசோனியும் செய்த மலிவு வரிசைகளை, பெயரை மட்டும் பார்த்துப் பெருவிலைக்கு மாட்டியிருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

இதற்கு மாறாக, காலத்தைச் சொல்லும் சீட்டுகள் நம்பகமானவை. அமெரிக்காவில் சலவை முறையைச் சொல்லும் சீட்டு 1972இல்தான் கட்டாயமானது. பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை இருந்தால் ஆடை 1995க்குப் பிற்பட்டதல்ல, ஏனெனில் அந்த ஆண்டு அச்சங்கம் வேறொன்றோடு இணைந்துவிட்டது. பர்பெரி நிறுவனத்தின் சீட்டில் 'பர்பெரிஸ்' என்று பெயரின் கடைசியில் 'ஸ்' இருந்தால் அது, நிறுவனம் 1999இல் பெயரைச் சுருக்கியதற்கு முந்தைய தையல். இத்தகைய பழைய ஆடைகளில் உள்தையலில் பிடித்து விடப்பட்ட துணி தாராளமாக இருக்கும், பிரித்துப் பெரிதாக்க வசதி. அண்மைக்கால நாகரிகத்தையே நாடும் கன்சைன்மென்ட் கடையில் இவை அரிது. ஆண்டு பார்க்காத த்ரிஃப்ட் கடையில்தான் கிடைக்கும்.

கைப்பை, பெல்ட், பட்டுக் கழுத்துத்துணி போன்றவற்றில் என் தீர்ப்பு தலைகீழ். அவற்றில் விலையின் பெரும்பகுதி முத்திரைக்கே போவதால் போலியும் அவற்றிலேயே பெருகுகிறது. மேலும் நல்ல கைப்பைகளைத் த்ரிஃப்ட் அமைப்புகள் முன்கூட்டியே பிரித்தெடுத்து இணைய ஏலத்துக்கு அனுப்பிவிடுகின்றன. குட்வில்லின் ஏலத்தளமே 1999 முதல் இயங்குகிறது. எனவே பொறுப்பேற்கும் கன்சைன்மென்ட் கடையில், பணம் திரும்பத் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குவதே மேல். அங்கும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது: நியூயார்க்கின் புகழ்பெற்ற பழம்பொருள் ஆடம்பர விற்பனையாளர் ஒருவர்மீது, போலிக் கைப்பைகளை விற்றதாக ஷனெல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரியில் நடுவர் குழு ஷனெலுக்கு 40 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

உடனே பணம் கொடுத்து வாங்கி விற்கும் பஃபலோ எக்ஸ்சேஞ்ச் போன்ற கடைகள் இளைஞர் பாணிக்கு ஏற்றவை, நயமான கம்பளிக்கு அல்ல. இணையத் தளங்களில் தெரிவு ஏராளம். ஆனால் துணியை விரலிடையே வைத்துத் தேய்த்துப் பார்க்க முடியாது என்பதால் நான் அவற்றைக் கடைசியில்தான் வைப்பேன். புடவைக்கடையில் முந்தானையைக் கசக்கிப் பார்த்துப் பட்டின் தரம் சொல்லும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

த்ரிஃப்ட் கடையின் பெரிய குறை பூச்சி. ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய ஸ்வெட்டரில் அந்துப்பூச்சி இருந்து, அலமாரியில் இருந்த மற்ற இரண்டு கம்பளித் துணிகளையும் அரித்துவிட்டது. அன்று முதல் எந்தக் கம்பளி வந்தாலும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வைக்கிறேன். அந்துருண்டை வாடை அடிக்கும் ஆடையைக் கண்டு ஒதுங்கத் தேவையில்லை. யாரோ பொத்திப் பாதுகாத்தது என்றுதான் பொருள், வாடை போகப் பல நாள் காற்றாட விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கடையானாலும் தையற்கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கால்நீளம், இடுப்பு, லைனிங் ஆகியவற்றை எந்தத் தையற்காரரும் சரிசெய்துவிடுவார். தோளைப் பிரித்து மாற்றுவதோ கோட்டையே மறுபடி தைப்பதற்குச் சமம். தோள் பொருந்தாத கோட்டு 25 டாலருக்குக் கிடைத்தாலும் எடுத்த கொக்கியிலேயே மாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.