நாலு ரோடு பழைய புத்தகக் கடையும் மை பூசுன ஃபாரன்ஹீட் 451ம்

தருமபுரில பழைய புத்தகக் கடை எங்கனு கேக்குறவங்களுக்கு, நாலு ரோட்டுல இருந்து நடக்குற தூரத்துல ஒண்ணு இருக்குங்க. போர்டு கிடையாது, முன்னாடி பத்தாவது கைடா அடுக்கி வெச்சிருப்பாங்க, அத தாண்டி உள்ள போனா தான் கதை புத்தகம். எல்லாம் எடைக்கு வாங்குன சரக்கு, ஒரு வரிசையும் கிடையாது, தூசி வேற. மாஸ்க் போடாம போய் ரெண்டு நாள் தும்மிட்டு கெடந்தேன்.

அங்க தான் ரே பிராட்பரியோட ஃபாரன்ஹீட் 451 இங்கிலீஷ் பேப்பர்பேக் கிடைச்சது, அட்டை கிழிஞ்சு, ஏதோ ஸ்கூல் லைப்ரரி சீல் குத்துனது. அண்ணன் நூறு சொன்னாரு, "அண்ணா, நான் எடுக்கலனா இது வேர்க்கடலை மடிக்கத்தான் போகும்"னேன், சிரிச்சுட்டு 60க்கு குடுத்துட்டாரு.

வீட்டுக்கு வந்து பிரிச்சா அங்கங்க நீல பேனால அடிச்சு மறைச்சிருக்கு! டேம், ஹெல் மாதிரி வார்த்தைங்க, ரெண்டு மூணு இடத்துல முழு வரியே காணோம். ஃபயர்மேனே புத்தகத்த எரிக்கிற கதைல உக்காந்து யாரோ ஒரு வாத்தியார் மெனக்கெட்டு மை பூசிருக்காரு பாருங்க. வெளிச்சத்துல புடிச்சு பின்பக்கமா பாத்தா பாதி தெரியுது, மீதிய ஃப்ரெண்டோட கிண்டில பாத்து ஓரத்துல பென்சில்ல எழுதிக்கிட்டேன்.

அப்புறம் தேடிப் பாத்தா இந்த நாவலுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. 1953ல வந்த புத்தகம், 1967ல, இத பதிப்பிச்ச அதே பாலன்டைன் கம்பெனியே ஸ்கூல் பசங்களுக்குனு ஒரு பதிப்பு போட்டு 75 இடம் போல மாத்திருக்காங்க, குடிகாரன் நோயாளி ஆயிட்டான், தொப்புள் சுத்தம் பண்றது காது சுத்தம் பண்றதா ஆயிடுச்சு, எழுதுனவர ஒரு வார்த்தை கேக்கல. 1973ல இருந்து கடைக்கு வந்ததே அந்த வெட்டுன பதிப்பு தான், பிராட்பரிக்கு விஷயம் தெரிஞ்சதே 1979ல, அதுக்கப்புறம் தான் சண்டை போட்டு பழையபடி போட வெச்சாரு.

கதைல ஃபயர்மேன்களோட கேப்டன் பீட்டி, ஹீரோ ஃபயர்மேன் மான்டாக் வீட்டுக்கு வந்து குடுக்குற லெக்சர் தான் எனக்கு உசுரு. இது அரசாங்கம் மேல இருந்து ஆர்டர் போட்டு ஆரம்பிச்சதே இல்ல, அவங்கவங்க மனசு புண்படுதுனு சொல்ல சொல்ல வெட்டி, சுருக்கி, கடைசில ஜனங்களே படிக்கிறத விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் தான் நெருப்புங்கறான். வில்லன் பேசுற அந்த சில பக்கத்துக்கே 60 ரூபா தகும். யாழ்ப்பாணம் நூலகம் ஞாபகம் வராம இருக்காது, 1981ல 97,000 புத்தகம் போல ஓலைச்சுவடியோட போச்சே, ஆனா அது வேற, போலீஸ்காரங்க பேரு அடிபட்ட நேரடி நெருப்பு. பீட்டி சொல்ற ரூட்டுனா சேலம் தாண்டி திருச்செங்கோட்டுல 2014 கடைசில பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவல கொளுத்துனாங்களே, அது தான் (தடை கேட்ட கேஸ 2016ல சென்னை ஐகோர்ட் தள்ளிடுச்சு).

குறைனு பாத்தா மான்டாக் பக்கத்து வீட்டு கிளாரிஸ் பொண்ண அவ்ளோ சீக்கிரம் காணாம ஆக்கிருக்க வேணாம், அவ போனதும் கொஞ்ச நேரம் கதை சப்புனு போகுது.

கடைக்கு நாலு ஸ்டார். வாங்குறதுக்கு முன்னாடி எல்லா பக்கத்தையும் புரட்டிப் பாத்துருங்க. மதியம் பூட்டிருக்கும், ஜிபே கிடையாது, சில்லறையோட போங்க.