கொழிஞ்சாம்பாறைப் பால் நிலையத்தில் ஜாவா: பல வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு பால் கொள்முதல் நிலையத்தின் கணக்கு மென்பொருளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். காலையிலும் மாலையிலும் பால் அளக்கும் நேரத்தில்தான் அதற்கு முழு வேலை. கொழுப்பு, எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவு வந்ததும் விலை போட்டுச் சீட்டு அடிக்க வேண்டும். நிலையத்தில் இருப்பது 2 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி. அங்கிருந்து கணக்கு போய்ச் சேர்வது வாடகை சர்வரில் ஓடும் ஒரு கண்டெய்னருக்கு (வரையறுத்த மெமரியோடு நிரலைத் தனியாக ஓட்டும் அறை போன்றது). இரண்டு இடத்திலும் ஜாவாதான். பதிப்பு 8-இல் தொடங்கி 11, 17 தாண்டி இப்போது 21-இல் ஓடுகிறது.

ஜாவா நம்பி ஓட்டக்கூடிய இயங்குசூழல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல் பெரிய மாற்றமில்லாமல் 21-இல் ஓடுகிறது. தொல்லை வந்ததெல்லாம் அமைப்புகளில். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், ரேம் எவ்வளவு, கோர் எத்தனை, கணினியின் மொழி அமைப்பு என்ன என்று ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) தானே பார்த்து முடிவெடுக்கும். கணினி மாறினால் அந்த முடிவும் மாறும். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

அதிகம் அலைக்கழித்தது சர்வர் பக்கம். வாடகை சர்வரை உபுண்டு 22.04-க்கு ஏற்றிய பிறகு, காலைப் பால் நேரத்தில் கண்டெய்னர் திடீர் திடீரென்று செத்து விழுந்தது. ஜாவாவின் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' பிழை எதுவும் இல்லை. வெளியேறிய எண் மட்டும் 137. அது 128-உடன் 9 சேர்ந்தது. 9 என்பது கில் சிக்னல். அதாவது லினக்ஸ் கெர்னலே ஆளை வெட்டியிருக்கிறது. ஜேவிஎம் எடுத்த அமைப்புகளைக் காட்டும் 'பிரிண்ட்ஃபிளாக்ஸ்ஃபைனல்' போட்டுப் பார்த்தபோது ஹீப்பின் (நிரலின் தரவு இருக்கும் மெமரி) உச்ச வரம்பு 4 ஜிபி என்று வந்தது. கண்டெய்னருக்குக் கொடுத்திருந்ததே 1 ஜிபிதான்.

காரணம் இது. வரம்பு சொல்லாவிட்டால் ஜேவிஎம், தன் கண்ணில் படும் ரேமில் நாலில் ஒரு பங்கை ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். கண்டெய்னர் வரம்பைப் படிக்கும் திறன் ஜாவா 10-இல் வந்தது. 8-க்கு 191-ஆம் அப்டேட்டில் கிடைத்தது. ஆனால் அது படித்தது சிகுரூப்பின் (மெமரிக்கு வரம்பு போடும் லினக்ஸ் வசதி) முதல் பதிப்பை. உபுண்டு 22.04 இயல்பாகவே இரண்டாம் பதிப்பில் ஓடுகிறது. அதைப் படிக்கும் திறன் ஜாவா 15-இல்தான் சேர்ந்தது, 11-க்கு 11.0.16-இலும் 8-க்கு 372-ஆம் அப்டேட்டிலும் வந்து சேர்ந்தது. எங்கள் 11 அதற்கு முந்தையது. அதனால் கண்டெய்னரின் 1 ஜிபி அதன் கண்ணிலேயே படவில்லை. சர்வரின் 16 ஜிபியைத்தான் பார்த்தது. பழைய 11, 8 வைத்திருப்பவர்கள் இயங்குதளத்தை ஏற்றும் முன் இந்த எண்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

'எக்ஸ்எம்எக்ஸ்' போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அது ஹீப்புக்கான வரம்பு மட்டுமே. வகுப்புகளின் விவரம் இருக்கும் மெட்டாஸ்பேஸ், தொகுத்த நிரலுக்கான கோட் கேஷ், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) 1 எம்பி வரை போகக்கூடிய ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாம் அதற்கு வெளியே. ஜாவா 8 முதல் வகுப்புகளின் விவரம் முன்பு இருந்த பெர்ம்ஜென் போய் மெட்டாஸ்பேஸ் வந்ததில், அதற்கு இயல்பாக உச்ச வரம்பே கிடையாது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் மெமரி பிரித்துக் கொடுக்கும் மாலாக் வேறு, 64 பிட் கணினியில் கோர் ஒன்றுக்கு 8 அரீனா (மெமரித் தொகுப்பு) வரை திறக்கும். 'மாலாக் அரீனா மேக்ஸ்' மாறியை 2 என்று வைத்ததும் சர்வரில் மெமரி கண்ணெதிரே இறங்கியது. எது எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொள்ள 'நேட்டிவ் மெமரி டிராக்கிங்' வசதியை இயக்கிவிட்டு ஜேசிஎம்டி என்ற கட்டளை மூலம் கேட்கலாம். இதைவிட உதவிய கருவி எனக்கு வேறில்லை. ஆனால் ஜிலிப்சி அரீனாக்கள் பிடித்து வைத்திருப்பது அதன் கணக்கில் வராது. அதற்கு லினக்ஸ் காட்டும் மொத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தமிழும் மலையாளமும் புழங்கும் இடத்துக்கென்றே ஒரு சங்கதி உண்டு. ஜாவா 9-இல் வந்த கம்பேக்ட் ஸ்ட்ரிங்ஸ், லத்தீன் எழுத்துகளை ஆளுக்கு ஒரு பைட்டில் அடக்கிவிடும். 'முருகேசன்' என்ற பெயருக்கு யூனிகோடில் 9 குறியீடுகள்; ஜாவாவுக்குள் அது 18 பைட். அதையே ஆங்கிலத்தில் எழுதினாலும் 9 எழுத்துதான், ஆனால் 9 பைட்டில் முடிந்துவிடும். நீளமான வரியில் ஒரேயொரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழு வரியும் இரட்டை அளவுக்குப் போகும். இதற்காகப் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. பால் ஊற்றுகிறவர் தன் பெயரைத் தன் எழுத்தில் படிக்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் ரேம் போனால் போகட்டும்.

ஆனால் எழுத்தே கெட்டுப்போனதும் நடந்தது. ஒரு மழைக்காலக் காலையில் நிலையத்திலிருந்து அழைப்பு. "அண்ணா, ராத்திரி கரண்டு போயி வந்ததிலிருந்து சீட்டுல பேருக்குப் பதிலா கேள்விக்குறியா அடிக்குதுங்க."

அப்போது அங்கே ஜாவா 8. கையால் தொடங்கினால் கணினியின் தமிழ் அமைப்பை எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்து பெட்டி தானாக எழும்போது அந்த அமைப்பு அதற்குக் கிடைக்கவில்லை, ஆங்கில எழுத்து மட்டுமுள்ள ஆஸ்கிக்குப் போய்விட்டது. ஆஸ்கியில் இடமில்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறி. கோப்பிலும் அப்படியே எழுதியிருந்தால் திரும்பப் பெற வழியே இல்லை. 'ஃபைல் என்கோடிங்'கை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தும் அடங்கும் முறை) என்று தொடக்க வரியிலேயே எழுதி வைத்ததில் சரியானது. 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8 தான் இயல்புநிலை. 8-இலிருந்து மேலே வர இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

வேண்டாத மெமரியைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டரைப் பற்றிச் சுருக்கமாக: ஜாவா 9 முதல் ஜி1 என்ற வகை இயல்பு. ஆனால் நான் ஓட்டிய பதிப்புகளில், ஒரே கோரோ 1,792 எம்பிக்குக் குறைந்த ரேமோ கண்ணில் பட்டால் எளிய வகையான சீரியலுக்குப் போய்விடும். சின்னப் பெட்டிக்குச் சீரியலே போதும். எதுவானாலும் பெயரைச் சொல்லி எழுதிவிடுங்கள்.

பால் வண்டித் தடத்தைப் பதிய ஒரு சின்ன நிரலைக் கோ மொழியில் வைத்திருக்கிறேன். 2022-இல் வந்த 1.19 பதிப்பில், இயங்குசூழல் கையாளும் மொத்த மெமரிக்கும் சேர்த்து ஒரே வரம்பு சொல்ல முடிகிறது. கண்டிப்பான வரம்பில்லை என்றாலும் கணக்குப் போடுவது எளிது. ஜாவாவில் ஹீப்புக்கு ஒன்று, மெட்டாஸ்பேஸுக்கு ஒன்று, டைரக்ட் பஃபருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, மிச்சத்துக்கு இடம்விட வேண்டியிருக்கிறது. இப்போது கண்டெய்னரில், ஹீப்புக்கு ரேமில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் 'மேக்ஸ் ராம் பெர்சன்டேஜ்' 60. பெட்டியில் ஹீப் 400 எம்பி, சீரியல். மொத்தத்துக்கும் ஒரே வரம்பு ஜாவாவில் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.