மார்கழியில் சர்ஃபிங்: வேலூர்க்காரருக்குக் கிழக்குக் கடலா, மேற்குக் கடலா?

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வது பழைய வழக்கம். அந்த வரிசையில் பலகைமேல் நின்று கடல் அலையில் சறுக்கும் சர்ஃபிங் பைத்தியம் பிடித்த எங்களை, கடல் இல்லாத சர்ஃபர்கள் என்று, எங்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம். நாலு பேரில் ஒருவனுக்கும் சொந்தமாகப் பலகை கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் ஐப்பசி முடிந்ததும் சத்துவாச்சாரி டீக்கடையில் ஒரே சண்டை. இந்தக் குளிர்காலத்துக்குக் கிழக்கே மாமல்லபுரமா, மேற்கே கர்நாடகத்து முல்கியா, கேரளத்து வர்க்கலாவா? இல்லை, பேசாமல் பங்குனி வரை வீட்டில் கிடப்பதா?

முதலில் குளிரைப் பற்றிப் பேசிவிடலாம். "மார்கழில பச்சத்தண்ணில தலைக்கு ஊத்தினாலே சளி புடிக்குது, இவன் சமுத்திரத்துல போய் விழறானாம்" என்று அம்மா சொல்வது வழக்கம். அம்மா பயப்படும் இடம்தான் தவறு. டிசம்பர், ஜனவரியில் சென்னைக் கரையோரம் கடல் நீர் ஏறக்குறைய 26 டிகிரி. அதே நாட்களில் வேலூரில் விடியற்காலை 18 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். காவேரிப்பாக்கம் ஏரியை ஒட்டி நாலு மணிக்கு பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், குளிர் என்றால் என்னவென்று. ஏரிக் காற்று சட்டைக் கைவழியாகப் புகுந்து முதுகு வரை போகும். ஓச்சேரியில் டீ கிளாஸை வாங்கியபோது என் விரல் மடங்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, பாலாடை கட்டும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்தில் கடலுக்குள் கால் வைத்தால், யாரோ வெந்நீர் விளாவி வைத்ததுபோல் இருந்தது. நம் பக்கத்துக் குளிர்கால சர்ஃபிங்கில் குளிர் ரோட்டில்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் செய்த கூத்து ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய வெட்சூட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். உடம்புக்கு 3 மில்லிமீட்டர், கை காலுக்கு 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள, நியோப்ரீன் என்ற ரப்பரில் செய்த, உடம்போடு ஒட்டும் உடை. அதைப் போடுவதே ஒரு வித்தை. காலில் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால்தான் வழுக்கிக்கொண்டு போகும். ஆறரை மணிக்கு ஆட்டுக்கல் மாதிரி விறைப்பாகக் கடலில் இறங்கினேன். ஏழே காலுக்கெல்லாம் உள்ளே வியர்வை ஊற்றியது. எட்டு மணிக்குக் கரையேறி, கழுத்திலிருந்து இடுப்பு வரை கழற்றிவிட்டேன், அதற்குக் கீழே நகரவில்லை. மணலில் மல்லாந்து படுத்தேன், இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்துக் கோழி உரிக்கிற மாதிரி இழுத்தார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வெட்சூட் உண்மையில் வேறு கடலுக்கானது. 1952 வாக்கில் பெர்க்லியில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கடற்படை மூழ்காளிகளுக்காக யோசித்த சமாசாரம் அது. தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் புகுந்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும், நியோப்ரீனில் உள்ள நுண்ணிய வாயுக் குமிழிகள் அந்தச் சூடு வெளியே போகாமல் தடுக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்பதால், நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் பனிக்கு நடுவே அலையேறுகிறவர்களுக்கு 5, 6 மில்லிமீட்டர் உடையும் தலைமூடியும் கையுறையும் இல்லாமல் நடக்காது. 26 டிகிரியில் நமக்கு அது வெறும் பாரம். பருத்தி டீ-சர்ட்டும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், மார்பில் உராய்ந்து தோல் போகும், பலகைமேல் உட்கார்ந்து காத்திருக்கும்போது ஈரத்தில் காற்றுப் பட்டு நடுங்க வைக்கும். முழுக்கை லைக்ரா சட்டை போதும். என்னைப்போல் ஒல்லியானவர்கள் அதற்கு மேல் மெல்லிய நியோப்ரீன் பனியன் ஒன்று போடலாம், அவ்வளவுதான். காசைக் கரையேறிய பிறகு தேவைப்படும் சாமான்களுக்குச் செலவழியுங்கள். காய்ந்த துண்டு, காற்று புகாத ஜெர்க்கின், குரங்குக் குல்லா. உடை மாற்ற வெளிநாட்டு சர்ஃபர்கள் தனியாக ஓர் அங்கி வாங்குகிறார்களாம். நம்மிடம் லுங்கி இருக்கிறது.

உடை விஷயம் அவ்வளவுதான். முடிவு செய்ய வேண்டியது காற்றை வைத்து.

வங்கக் கடலில் அக்டோபர் முதல் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். அது கடலிலிருந்து கரையை நோக்கி வரும் காற்று. அலையின் முதுகில் அடித்து, அது நிமிர்ந்து நிற்பதற்குள் கவிழ்த்துவிடும். அருகிலேயே காற்று கிளப்பிய அலைகள் என்பதால் ஆறு, ஏழு விநாடிக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். நுரைதான் மிச்சம். ஜூலை, ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். தெற்கே வெகுதூரத்தில் பிறந்த அலைகள் நல்ல இடைவெளி விட்டு வரும், காலையில் மேல்காற்று நிலத்திலிருந்து வீசி அலையின் முகத்தை வழித்துவிட்டதுபோல் வைத்திருக்கும். மாமல்லபுரத்தில் 2023இல் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டியும் 2025இல் ஆசியச் சாம்பியன்ஷிப்பும் ஆகஸ்டில் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் மார்கழியில் கிழக்கே போகவே கூடாதா? போகலாம், ஆனால் கடல் தரும் நேரம் மிகக் குறைவு. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து விடியற்காலையில் லேசான காற்று கடலை நோக்கிப் போகும். அந்த நேரம் வாடை அடங்கியிருந்தால் விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை கடல் ஒழுங்காக இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மூன்று மணிக்கு பைக்கை எடுத்து, சுமார் 130 கிலோமீட்டர் நடுங்கிக்கொண்டு போவது. போன ஜனவரியில் அங்கே கற்றுக்கொடுக்கும் தம்பி, மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வடக்கே பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இன்னும் அரைமணிதான். வாடை ஏறிட்சின்னா கரையோடவே தெக்க இழுத்துக்கினு பூடும்." நான் இன்னும் ஒரு அலை, இன்னும் ஒன்று என்று நின்றேன். இறங்கிய இடத்துக்கு நேரே ஒரு நீலப்படகு இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்தப் படகு வடக்கே விரற்கடை அளவுக்குத் தெரிந்தது. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் இந்த நீரோட்டத்தைச் சென்னைப் பக்கத்து மீனவர்கள் வன்னி என்பார்கள். குளிர்காலத்தில் அதோடு போட்டி போட்டுத் துடுப்புக் கை போடாதீர்கள். கரையேறி நடந்து வாருங்கள்.

இதே நீரோட்டம்தான் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் பிரித்துக் காட்டுகிறது. கோவளம் எனக்குப் பிடித்த இடம். மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே பள்ளி தொடங்கிய பிறகு ஒரு குப்பமே அலைமேல் நின்றது என்று சொல்லலாம். ஆனால் பெருமழைக்குப் பிறகு பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக வடியும் தண்ணீரெல்லாம் முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. கோவளம் அதற்கு நேர் தெற்கே. வன்னி ஓடும் நாளில் அந்தக் கலங்கல் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கார்த்திகை, மார்கழியில் மழை பெய்த வாரம் என்றால் மாமல்லபுரம், தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு கோவளம். புதுச்சேரி செரினிட்டி கடற்கரை எங்களுக்கு இன்னும் தூரம், காற்றும் அதே காற்று. அதற்காக அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

புயலை மறந்துவிட்டுத் தேதி குறிப்பவர்களும் உண்டு. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் உயர் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் பெட்ரோல் போடாதீர்கள்.

இனி மேற்கு. அரபிக் கடல் அந்த மாதங்களில் வேறு பிறவி. வடகிழக்கிலிருந்து வரும் காற்று நமக்கு வாடை, அங்கே அதுவே மலையைத் தாண்டி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காலைக்காற்று. அலை சின்னதுதான், இடுப்பளவு வந்தால் நல்ல நாள். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல், எழுந்து நிற்க நேரம் கொடுத்து வரும். தண்ணீர் நம் பக்கத்தைவிட இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூட. பெரிய அலை வேண்டுமென்றால் அங்கேயும் இது பருவமில்லை. முல்கிக்குப் பக்கத்துச் சசிஹித்லுவில் 2016இல் முதல் இந்தியன் ஓப்பன் சர்ஃபிங் போட்டியை மழைக்கு முந்தைய மே மாதத்தில்தான் வைத்தார்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கும், என்னைப்போல் நாலு வருஷமாகியும் கற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்கைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பைக்கில் மூன்று நடுக்கப் பயணம் போய் மாமல்லபுரத்தில் நான் நின்ற அலைகளைவிட முல்கியில் ஒரே காலையில் நின்றது அதிகம்.

முல்கியா, வர்க்கலாவா என்பதை முடிவு செய்வது அலை இல்லை, காட்பாடி ஜங்ஷன். மங்களூர் மெயிலும் திருவனந்தபுரம் மெயிலும் இரவில் காட்பாடி வழியாகத்தான் போகின்றன. போர்வை போர்த்திப் படுத்தால் மறுநாள் பகலில் மேற்குக் கரை. குளிர்ப் பயணமே இல்லை. ஆனால் கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை திருவனந்தபுரம் வண்டியில் இருமுடியோடு சாமிமார் கூட்டம். தட்கலில்கூட ஒரு பெர்த் கிடைத்தால் அது ஐயப்பன் அருள். ஆகவே டிசம்பரில் மங்களூர் வண்டி, ஜனவரி பாதிக்கு மேல் வர்க்கலா. முல்கியில் அமைதி கூடுதல். சர்ஃபிங் சுவாமி என்று பெயர்பெற்ற அமெரிக்கர் ஜாக் ஹெப்னர் ஆசிரமம் தொடங்கிய ஊர் அது, ஆசிரமத்தில் சாப்பாடு சைவம். எங்கள் கூட்டத்தில் ஒருவன் இரண்டாம் நாளே ஆம்பூர் பிரியாணி என்று புலம்ப ஆரம்பித்துவிட்டான். வர்க்கலாவில் பாறை உச்சியில் வரிசையாகக் கடைகள், மீன் கிடைக்கும், கூட்டமும் விலையும் அதற்கேற்ப.

செலவில் கிழக்குக்குத்தான் வெற்றி. பெட்ரோல், டீ, பலகை வாடகை, மதியம் வீட்டுச் சோறு. மேற்கென்றால் குறைந்தது மூன்று நாள், அறை வாடகை, ஆபீசில் ஒரு பொய். ஒரே ஞாயிறுதான் கையில் இருக்கிறது, பலகைமேல் எழுந்து நிற்கவும் வரும் என்றால், பொங்கல் கழிந்த பிறகு, வாடை தளர்ந்த நாளாகப் பார்த்து மாமல்லபுரம் போங்கள். நவம்பரிலும் டிசம்பரிலும் புதிதாகக் கற்க அங்கே போக வேண்டாம், நல்ல ஆசிரியர் அவரே வேண்டாம் என்பார். பங்குனி வரை காத்திருக்கும் யோசனை அம்மாவுக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது.

இந்த வருஷச் சண்டை முடிந்தாகிவிட்டது. மங்களூர் மெயிலில் நாலு டிக்கெட் போட்டாயிற்று. மூன்று உறுதி, ஒன்று ஆர்.ஏ.சி. அந்த ஒன்று பிரியாணிக்காரனுடையது.