இ-ரீடரா, காகிதப் புத்தகமா? விடை உங்கள் அலமாரியில் இருக்கிறது

கடைசியாகப் படித்து முடித்த பத்துப் புத்தகங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நாவல், சிறுகதை, தன்வரலாறு, கட்டுரைத் தொகுப்பு என்று முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை நேராக ஓடியவை எத்தனை? பாடநூல், அட்டவணைகள் நிறைந்த கையேடு, உரையோடு கூடிய செய்யுள் நூல் என்று முன்னும் பின்னும் புரட்ட வைத்தவை எத்தனை? முதல் வகை ஏழுக்குக் குறையாமல் இருந்தால், மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியான இ-ரீடர் வாங்கலாம். இரண்டாம் வகை பாதிக்கு மேல் என்றால் அந்தப் பணத்துக்குப் புத்தகமே வாங்கிவிடுங்கள். எடை, பேட்டரி, கண் வலி என்று எல்லாரும் முதலில் ஒப்பிடும் விஷயங்கள் இதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

திரையும் தாளும்

இ-ரீடரைக் கைபேசியோடு சேர்த்து எண்ணுவதால் பாதிக் குழப்பம் வருகிறது. இதன் திரைக்குள் தலைமுடிப் பருமனில் நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்தைத் திருப்பினால் எந்தத் துகள் மேலே மிதந்து வருகிறதோ அந்த நிறம் தெரியும். பக்கம் மாறும் கணத்தில் மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. மாறிய பக்கம் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும். எம்.ஐ.டி. ஆய்வகத்திலிருந்து பிரிந்து 1997-ல் தொடங்கிய இ-இங்க் நிறுவனத்தின் நுட்பம் இது. 2004-ல் சோனியின் லிப்ரியே, 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் என்று கைக்கு வந்தது. முதல் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். இப்போது 300 என்பது சாதாரணம். ஞ, ண போன்ற எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவிலும் அடைபடாமல் தெரிய இந்த 300 வேண்டும். பழைய கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் முதலில் இந்த எண்ணைக் கேளுங்கள்.

விளக்கு திரைக்குப் பின்னால் இல்லை. ஓரத்தில் உள்ள எல்.இ.டி.க்களின் ஒளி திரையின் மேல் பரவி, துகள்களில் பட்டுத் திரும்புகிறது. அதனால் நல்ல வெயிலில் கைபேசித் திரை மங்கும் இடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தூக்கத்தைக் கெடுக்கும் என்று எச்சரிப்பவர்கள் அடிக்கடி காட்டும் 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஐபேடை வைத்து 12 பேரிடம் செய்தது. அதன் முடிவை இ-இங்க் திரைக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

தாள் இன்னும் முன்னால் நிற்கும் இடங்களும் இருக்கின்றன. விளக்கை அணைத்தால் இ-இங்க் திரையின் 'வெள்ளை' வெளிர் சாம்பல்தான். நல்ல தாளின் வெண்மை அதற்கு இல்லை. வண்ணத் திரை என்றால் நிலைமை இன்னும் மோசம். இ-இங்க் நிறுவனத்தின் கலைடோ 3 வண்ணத் திரையில் அங்குலத்துக்குக் கறுப்பு எழுத்து 300 புள்ளி, வண்ணம் 150 புள்ளி மட்டுமே. வண்ண வடிகட்டி ஒளியைக் குடிப்பதால் பக்கமே இருண்டுபோகும். விளக்கைக் கூட்டி வைத்துத்தான் படிக்க வேண்டும். நாவல் படிப்பவருக்கு வண்ணத் திரை வீண் செலவு. குழந்தைகளின் படப் புத்தகத்துக்கும் ஓவிய நூலுக்கும் எந்த இ-ரீடரும் பக்கத்தில் வர முடியாது.

எடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டெமி அளவில் (சுமார் 14 × 21.5 செ.மீ.) 300 பக்கம் என்றால் 150 தாள், 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அட்டை நீங்கலாகச் சுமார் 315 கிராம். 6 அங்குலக் கருவி 160 கிராமை ஒட்டி இருக்கும், 7 அங்குலம் 200 சொச்சம். 900 பக்க நாவலைப் படுத்துக்கொண்டு படிப்பவருக்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

பேட்டரியில் மட்டும் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 'ஆறு வாரம்' என்று பெட்டியில் போட்டிருந்தால் அடியில் சின்ன எழுத்தில் 'நாளுக்கு அரை மணி நேரம், வை-ஃபை அணைத்த நிலையில்' என்று இருக்கும். 42 நாள், அரை மணி வீதம் 21 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது ஒரு வாரம்தான். அதுவே தாராளம் என்பது வேறு விஷயம்.

புரட்டுதல்

அடிக்குறிப்பைப் பார்த்துத் திரும்புவது, 40-ஆம் பக்க வரைபடத்தையும் 212-ஆம் பக்க விளக்கத்தையும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பது, 'இடப்பக்கம் மேலே எங்கோ இருந்ததே' என்று தேடுவது: இவற்றில் இ-ரீடர் தடுமாறும். துகள்கள் நகர்ந்து பக்கம் மாற நேரம் பிடிக்கிறது. வேகமாகத் தள்ளினால் பழைய எழுத்தின் நிழல் புதுப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்கத்தான் திரை அவ்வப்போது முழுதாகக் கறுத்து வெளுக்கிறது. பழுது என்று பயப்பட வேண்டாம்.

நினைவில் நிற்பதிலும் வேறுபாடு உண்டு. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் நூல்களில் தாளில் படித்தவர்கள் சற்று முன்னிலை. கதைகளில் அந்த வேறுபாடு இல்லை. 2019-ல் ஒரே துப்பறியும் கதையைக் கிண்டிலிலும் தாளிலும் 50 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எது முன்னே நடந்தது, எது பின்னே என்று நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதில் மட்டும் தாளில் படித்தவர்கள் மேல். இடது கையில் தாள் கனத்துக்கொண்டே போவதும் வலது கையில் குறைந்துகொண்டே வருவதும் கதையின் இடத்தைக் கைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. '63 சதவீதம்' என்ற எண் அதைச் செய்வதில்லை. தேர்வுக்குப் படிப்பவர் தாளில் படிக்கட்டும்.

தேடுவதில் கதை தலைகீழ். ஒரு பெயர் புத்தகத்தில் எங்கெல்லாம் வருகிறது என்பதை இ-ரீடர் நொடிகளில் காட்டும். பொருளடைவு இல்லாத அச்சு நூலில் இது நடக்காது.

பி.டி.எஃப். என்னும் பொறி

வாங்கியவர்கள் பலர் கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு. பி.டி.எஃப். பக்கத்தின் வரிகள் திரைக்கேற்ப மடியாது, பக்கம் அப்படியே சுருங்கும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., உயரம் 29.7 செ.மீ. 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9.1, உயரம் 12.2. முழுப் பக்கத்தையும் உள்ளே திணித்தால் 41 சதவீதமாகச் சுருங்கும். 12 பாயிண்ட் அளவுள்ள எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்தை நாவல் நீளத்துக்குப் படிப்பது போலத்தான். ஓரங்களை வெட்டி, கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் 9 பாயிண்ட் வரை ஏறும். ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டும்.

தப்பிக்க மூன்று வழிகள். முதலாவது, 10.3 அங்குலக் கருவி: ஓரம் வெட்டினால் முழுப் பக்கமும் 85 சதவீத அளவில் தெரியும். விலையும் எடையும் கூடும், 400 கிராம் அளவுக்கு வரும். இரண்டாவது, கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள். ஸ்கேன் செய்த பக்கத்தைச் சொல் சொல்லாகப் படத்துண்டுகளாக வெட்டி, சின்னத் திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். எழுத்தைப் படமாகவே பார்ப்பதால் தமிழ் நூலுக்கும் வேலை செய்கிறது. பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தாலும், அட்டவணை இருந்தாலும் குளறும். ஆகவே முழு நூலையும் மாற்றுமுன் பத்துப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது வழி, அந்த நூலை மட்டும் அச்சில் வாங்குவது.

பி.டி.எஃப்.பை, திரைக்கேற்ப வரிகள் மடியும் மின்னூல் வடிவமான ஈபப் ஆக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். ஆங்கிலத்தில் ஓரளவு ஆகும். தமிழ் பி.டி.எஃப்.களில் பெரும்பாலும் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். மாற்றியதும் கொம்பு தன் எழுத்தை விட்டு முன்னால் போய் நிற்கும், கால் எங்கோ தொங்கும். இதைக் கையால் திருத்த உட்கார்வதைவிடப் புத்தகத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம்.

தமிழ் எழுத்து உடைந்தால்

கோளாறு மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள்: யூ.எஸ்.பி. வழியாகக் கருவியின் 'ஃபான்ட்ஸ்' அடைவில் ஒரு யூனிகோட் தமிழ் எழுத்துருவைப் போட்டு, படிக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. புள்ளி வட்டங்களோடு உயிர்மெய்கள் உடைந்து நின்றால் கருவியின் மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் அல்லது கருவியையே திருப்பித் தர வேண்டும். உரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடந்தால் அது பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

தமிழில் சொற்கள் நீளம். 6 அங்குலத் திரையில் இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய பெரிய இடைவெளி விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கி, எழுத்தை ஒரு படி குறைத்தால் வாசிப்பு ஓடும். அகராதி வசதியைப் பெரிதாக நம்ப வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவர்களிடம்' என்று தொட்டால், 'வா' என்ற வேர்ச்சொல் மட்டுமே உள்ள அகராதி கையை விரித்துவிடும்.

இலவச நூல்களுக்குக் குறைவில்லை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் சங்க நூல்கள் முதல் பிற்கால இலக்கியம் வரை யூனிகோடில் கிடைக்கின்றன. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் ஈபப்போடு 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த பி.டி.எஃப்.பும் தருகிறது. பழந்தமிழ் இலக்கியத்தில் ஊறியவருக்கு இது ஒன்றே கருவியின் விலையை ஈடுகட்டிவிடலாம். உரை வேண்டுமென்றால் மட்டும் பல நூல்களுக்கு மறுபடி அச்சு நூலிடம்தான் போக வேண்டும்.

கோபோ, பாக்கெட்புக் கருவிகள் ஈபப்பை நேரடியாகத் திறக்கும். கிண்டிலில் கம்பி வழியாக ஈபப்பைப் போட்டால் கண்ணில் படாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது கேலிபர் மென்பொருளில் கிண்டிலுக்கான ஏ.இசட்.டபிள்யூ.3 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாங்கியது யாருடையது?

அச்சுப் புத்தகத்தை இரவல் தரலாம், விற்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட மின்னூலுக்கு நீங்கள் கொடுத்தது படிக்கும் உரிமத்துக்கான காசு. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. அதில் ஒன்று '1984' என்பது விதியின் குசும்பு. பணம் திரும்பியது, மன்னிப்பும் வந்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. அங்கும் பணம் திரும்பியது, ஓரங்களில் எழுதிய குறிப்புகள் போயே போயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது.

ஆகவே பூட்டில்லாத ஈபப் கிடைத்தால் அதையே வாங்கி, கணினியில் ஒரு நகல் வையுங்கள். கிண்டிலில் அடிக்கோடிட்ட வரிகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண உரைக்கோப்பில் சேர்கின்றன; மாதம் ஒருமுறை அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் படிப்பீர்கள் என்று தெரிந்த நூலை அச்சில் வாங்குவதே மேல்.

எது எப்படிச் சாகிறது

இ-ரீடர் பெரும்பாலும் பைக்குள்தான் சாகிறது. திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு உண்டு. மேலே கீறல் விழாமலேயே உள்ளே உடையும். சாவிக்கொத்து அழுத்தினாலோ, இறுக்கிய பையில் வளைந்தாலோ பாதிப் பக்கம் உறைந்து நிற்கும், கோடுகள் விழும். திரை மாற்றும் செலவு புதுக் கருவியின் விலையை நெருங்கும். கெட்டியான மூடி உள்ள உறை இதனால்தான் அவசியம். மாதக்கணக்கில் படிக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். காலியாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி மறுபடி எழாமலே போகலாம். தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி.எக்ஸ்.8 தரம் நல்ல தண்ணீருக்கு மட்டும். கடல் நீருக்கோ சோப்புத் தண்ணீருக்கோ அல்ல.

காகிதம் மெதுவாகச் சாகும். அமிலம் கலந்த மரக்கூழ்த் தாள் பழுத்து நொறுங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பசை மட்டும் போட்ட முதுகு, பசை காய்ந்ததும் விரிசல் விட்டுப் பக்கங்களை உதிர்க்கும். வாங்கும்போது புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். மடித்த கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் தைத்த பைண்டிங், பல பத்தாண்டுகள் நிற்கும். அமிலமற்ற தாள் என்ற குறிப்பும் இருந்தால் உங்கள் ஆயுளைத் தாண்டும்.

காசுக் கணக்கு

கருவியின் விலையை, ஒரு புத்தகத்துக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். கருவி 30 அச்சு நூல்களின் விலை, மின்னூல் அச்சு நூலின் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலுக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்; 90 நூல் படித்தால் போட்ட பணம் தேறும். மாதம் இரண்டு படிப்பவருக்கு நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவு, மாதம் ஒன்று என்றால் ஏழரை வருடம். பழைய புத்தகம் வாங்கிப் படித்துவிட்டு விற்பவருக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் தேறாது. பெரும்பாலும் இலவச நூல்களே படிப்பவருக்கு 30-லேயே முடிந்துவிடும். உங்கள் நூலகம் மின்னூல் இரவல் தருகிறதா, அது எந்தக் கருவியில் திறக்கும் என்பதையும் வாங்குமுன் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலே எந்த நிறுவனத்தின் கருவி என்பதை முடிவு செய்யும்.

வாங்கியாயிற்று என்றால், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள தமிழ் ஈபப் ஒன்றை ஏற்றி 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். நீங்கள் படிக்க நினைத்திருக்கும் மோசமான பி.டி.எஃப். ஒன்றைத் திறந்து ஐந்து பக்கம் படியுங்கள். இருட்டறையில் விளக்கைப் பாதிக்கு வைத்து, அடியில் நிழல் பட்டையோ ஒரு மூலையில் மட்டும் மஞ்சளோ தெரிகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, ஒரு கையில் பிடித்து ஒரு மணி நேரம் தொடர்ந்து படியுங்கள். கட்டைவிரல் வலித்தால் பக்கம் திருப்பப் பொத்தான் உள்ள மாடலுக்கு மாறிக்கொள்ளலாம்.